மூன்றாவது குழாய்

வியாழக்கிழமை. காலை 10.10.

நான்காம் எண் இல்லத்தின் துவைக்கும் இடத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. சமையல்காரம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தபோது, தையல்காரி சிமென்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள். அவள் மேல் ஒருவன் மண்டியிட்டிருந்தான். கத்தியின் பிடி அவன் கையில் இருந்தது. அலகு அவளுடைய வலது கைக்குள் இருந்தது. அவள் விடவில்லை. விட்டால் அது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் அவளுடைய கணவன். பழைய கார்களை வாங்கி விற்கும் தரகன். நான்கு மாதமாக அவளைத் தேடிக்கொண்டிருந்தவன்.

சமையல்காரம்மா யோசிக்கவில்லை. அவன் பிடரியில் கரண்டியால் ஓங்கி ஒன்று வைத்தார். அதற்குள் மற்றப் பெண்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தி ஈரப் போர்வையை அவன் தலையில் போட்டாள். இரண்டு பேர் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி எடுத்தார்கள். சட்டைப்பையில் இருந்த கைப்பேசியும் அவனோடு முழுகி எழுந்தது. பிறகு ஏழு பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் வரும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

10.14. இல்லத்தின் காப்பாளர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

"எந்த இடம்மா?"

காப்பாளர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அடிக்கும் கணவனிடமிருந்தும், கொல்லத் துடிக்கும் அண்ணன் தம்பிகளிடமிருந்தும் தப்பி வந்த பெண்கள் ஒளிந்து வாழும் வீடு அது. முகவரியை வெளியே சொல்வது குற்றம் என்று எழுதிய தாளில் காப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்பது அவருடைய வீட்டுக்காரருக்கே தெரியாது. ஏதோ கிடங்கில் கணக்குப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

10.16. காப்பாளர், இந்த இல்லங்களை நடத்தும் அரசுத் துறையின் இயக்குநரைக் கூப்பிட்டார். "ஐயா, தையல்காரப் பொண்ணை அவ புருஷன் வந்து கத்தியால வெட்டிட்டான், ரத்தம் நிக்கல. ஆம்புலன்ஸ்காரங்களுக்கு முகவரி சொல்லிடட்டுமா?"

"சொல்லக் கூடாது. தெருமுனை மருந்துக்கடைக்கு வரச் சொல்லுங்க. நீங்க அங்கே தூக்கிட்டுப் போங்க."

நான்கு பெண்கள் தையல்காரியைப் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். மருந்துக்கடை வாசலில், வெயிலில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவே காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் 10.41க்கு வந்தது. அரசாங்கத்தின் ரகசியம் காப்பாற்றப்பட்டது.

*

11.20. ஆய்வாளர் வந்து இறங்கினார், அதே மருந்துக்கடை வாசலில். காப்பாளர் அங்கிருந்து அழைத்துவந்தார்.

ஐம்பதை நெருங்கும் பெண்மணி. காவல் நிலையத்தில் அவருக்கு 'ரம்பம்' என்று பெயர். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு அறுப்பவர் என்பதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. அறுக்கிற காரியம் என்றால் ரம்பம்தானே வேண்டும்.

குத்தியவன் யார் என்பதில் துப்பறிய ஒன்றும் இல்லை. அவன் கிடைத்துவிட்டான். கேள்வி வேறு. இந்த முகவரி அவனுக்கு எப்படித் தெரிந்தது? இன்றைக்கு ஒருத்தியின் கணவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்கு மற்றப் பத்துப் பேரின் வீட்டு ஆண்களுக்கும் தெரியாது என்று யார் சொல்வது? உள்ளே பெண்கள் ஏற்கெனவே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். போக இடம் இல்லை, ஆனாலும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் முதலில் வாசல் காவலரிடம் போனார்.

"பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கேட்டுலதான்மா."

"கேட்டுல எங்க?"

காவலர் தலையைச் சொறிந்தார். "வியாழக்கிழமை மளிகை வண்டி வரும். மூட்டை இறக்குற வரைக்கும் கேட்டு திறந்தேதான் கெடக்கும். வண்டிக்குப் பின்னாடி உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன்."

"முகம் எந்தப் பக்கம்?"

"டீ பக்கம்."

"அப்ப யாரு வேணா உள்ள போயிருக்கலாம்."

"ஆனா யாரும் போகலையேம்மா. அவன் பின்னாடி சுவர் ஏறில்ல குதிச்சான்!"

அவர் பெருமையாகத்தான் சொன்னார், தன் வாசல் வழியாக யாரும் வரவில்லையே என்று.

ஆய்வாளர் வாசல் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். வருகிற ஒவ்வொருவரும் பெயர், நேரம் எழுதி, கைப்பேசியைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மளிகைக்காரர் வந்த ஒவ்வொரு நாளும் கைப்பேசிக் கட்டத்தில் டிக் இருந்தது. திங்கட்கிழமை 11.05க்கு ஒரு வரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெரியவர்' என்று மட்டும் இருந்தது. அந்தக் கட்டம் காலி.

"யாரு இந்தப் பெரியவர்?"

"பெரிய ஆளுங்க பேரை எழுதக் கூடாதும்மா. உத்தரவு."

"போனை வாங்கலையா?"

"பெரிய ஆளுங்ககிட்ட போய்ப் போனைக் குடுன்னு கேக்க முடியுமா?"

ஆய்வாளர் பின்பக்கத் தெருவுக்குப் போனார். பெயர்ப்பலகை இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றைப்போல் ஒன்றாக நீண்ட மதில்கள். எந்த மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் குடியிருப்பவனுக்கே தெரியாது. ஆனால் தரகன் தன் மோட்டார் சைக்கிளைச் சரியாக இல்லத்தின் மதிலோடு ஒட்டி நிறுத்தி, அதன்மேல் ஏறியிருந்தான். ஒன்பது அடி மதில். மேலே முழுக்கக் கண்ணாடிச் சில்லு. சில்லுகளில் ரத்தம் காய்ந்திருந்தது. மதிலுக்கு நேர் கீழே துவைக்கும் இடம்.

அங்கே வரிசையாக ஐந்து குழாய்கள். நான்கில் துரு. மூன்றாவது மட்டும் புதிதாகப் பளபளத்தது. கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட இன்னும் அதில் இருந்தது. ஆய்வாளர் திறந்து பார்த்தார். குழாய் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான்.

"தண்ணி வராதா?"

"மோட்டார் எரிஞ்சு பன்னெண்டு நாளாச்சு மேடம்" என்றார் காப்பாளர். "கைப்பம்புல அடிச்சுத் தொட்டியில ஊத்திக்கிறோம். அதுல துவைக்க வந்தப்பதான் அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சு."

"அப்ப இது எதுக்குப் புதுக் குழாய்?"

"தண்ணி வரலைன்னு ஒரு புகார் போயிருந்துச்சு. அதுக்காகத் திங்கக்கிழமை போட்டாங்க."

"மோட்டாரை விட்டுட்டுக் குழாயைப் போட்டது யாரு?"

காப்பாளர் சேலை முந்தானையில் கையைத் துடைத்தார். கை ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது. "அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு மேடம்."

"குழாய்க்குமா ரகசியம்?"

வாளிக்கு அருகே ஒரு சின்ன மஞ்சள் கவுன் மிதிபட்டுக் கிடந்தது. கழுத்துப்பட்டி இலை வடிவத்தில் வெட்டித் தைத்திருந்தது. கடையில் வாங்கியது இல்லை. ஆய்வாளர் அதை எடுத்து உதறிக் கொடியில் போட்டார்.

*

மதியம் 1.05. மருத்துவமனையின் காவல் அறை.

தரகனின் இரண்டு உள்ளங்கையிலும் தையல் போட்டிருந்தார்கள். பிடரியில் கரண்டியின் வட்டம் வீங்கியிருந்தது. ஆனாலும் அவனுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"முகவரியை யாருடா சொன்னது?"

"கவர்மென்டுதான் சொன்னுச்சு."

தலைமைக் காவலர் கையை ஓங்கினார். ஆய்வாளர் தடுத்தார். "கவர்மென்டுல யாரு?"

"யாரா? முழு கவர்மென்டும்தான்."

"கையைக் காட்டு. கத்தி பட்டதா?"

"கண்ணாடி. அந்த மதில்ல எவனோ தாராளமா நட்டு வெச்சிருக்கானே, அது."

"எதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டே? முன் வாசல் தொறந்துதானே கெடந்துச்சு."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு முதல்முறையாகக் கழன்றது. "முன் வாசலா? அது எந்தப் பக்கம் இருக்கு?"

ஆய்வாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். வெளியே வந்ததும் தலைமைக் காவலர் கேட்டார். "என்ன மேடம், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? அவன் ஒண்ணுமே சொல்லலையே."

"எல்லாத்தையும் சொல்லிட்டான். அவன் போன் என்னாச்சு?"

"தண்ணி புகுந்துடுச்சு. ஆய்வகத்துல மூணு வாரம் ஆகும்ங்கறாங்க."

"மூணு வாரத்துல துறைக்காரங்க யாரையாவது தூக்குலயே போட்டுடுவாங்க. வாங்க போகலாம்."

*

2.30. துறை இயக்குநரின் அறை.

இயக்குநருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ரகசியம்.' அவர் மேசையில் அந்தச் சொல்லைத் தாங்கிய முத்திரை ஒன்று எப்போதும் மையோடு தயாராக இருக்கும். பெருக்குகிறவரின் விடுப்பு விண்ணப்பத்தில்கூட அதைக் குத்தியவர் அவர். தாழ்வாரத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் "ரகசியம் வருது" என்று எழுத்தர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அது மட்டும் அவருக்குத் தெரியாத ரகசியம்.

"வாங்க இன்ஸ்பெக்டர். உங்களுக்கு வேலையே வைக்கலை" என்றார் அவர். ஒரு தாளை நகர்த்தினார். காப்பாளரின் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. "துரோகி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கா. பதினாறு வருஷ சர்வீஸ். நம்பினோம்."

"அவங்கதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"உள்ள இருக்கற பொண்ணுங்களை விட்டா, முகவரி தெரிஞ்சவங்க அஞ்சே பேர். நான், காப்பாளர், சமையல்காரி, வாட்ச்மேன், மளிகைக்காரர். சமையல்காரி அவனை அடிச்சிருக்கா. வாட்ச்மேனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. மளிகைக்காரருக்கு உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியாது. மிச்சம் யாரு?"

"நீங்க."

இயக்குநர் சிரித்தார். சின்னப் பிள்ளை உளறியதைப் பெரியவர் பொறுத்துக்கொள்ளும் சிரிப்பு. "நான் அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவைகூடக் கால் வெச்சதில்லைம்மா. ரகசியம் காக்கறதுன்னா அப்படித்தான் காக்கணும்."

"தண்ணி வரலைன்னு ஒரு புகார் வந்துச்சாமே?"

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அது பேர் சொல்லாம இணையத்துல போட்ட மொட்டைப் புகார். துறையைக் கேவலப்படுத்தறதுக்குன்னே சில பேர் இருக்காங்க. பத்திரிகைக்காரன் ஒருத்தன் அதைப் பிடிச்சுக்கிட்டான். நாங்க உடனே ஆதாரத்தோட பதில் போட்டுட்டோம்."

"எங்க போட்டீங்க?"

"எங்க துறைத் தளத்துலதான். நாங்க வெளிப்படையான துறை இன்ஸ்பெக்டர்."

படி இறங்கும்போதே ஆய்வாளர் தன் கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்தார். 'உங்கள் அடையாளம் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்' என்று புகார்ப் பெட்டிக்கு மேலே பச்சை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேயே திங்கட்கிழமை மாலை போட்ட மறுப்பு. தலைப்பு: பொய்ப் புகாருக்குப் பதில். அதில் புகார் அப்படியே இருந்தது, பெயர் மட்டும் இல்லாமல்.

'ஏழு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. பதினொரு பெண்கள் இருக்கிறோம். என் ஆறு வயது மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. தையல் வேலை செய்கிற என்னால் நாள் முழுக்கப் பம்பு அடிக்க முடியவில்லை.'

கீழே துறையின் பதில்: 'படத்தில் காண்க. புதிய குழாய் பொருத்தப்பட்டுள்ளது.'

ஆனால் காண்பதற்குப் படம் இல்லை. படம் இருந்த இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை. காலை 10.00.

துறையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவர் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கு அருகில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒப்பந்த ஊழியர். ஐம்பத்து நான்கு வயது. இடுப்பில் வேட்டி, காதில் பென்சில். ஆய்வாளரைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்து, "நேத்துல இருந்து நீங்க வருவீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார்.

"அந்தப் படம் எங்க?"

"எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கச் சொன்னாங்க." காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "அழிக்கல."

கணினித் திரையில் படம் வந்தது. மூன்றாவது குழாய், பளபளப்பாக. ஓரத்தில், கொடியில், இலை வடிவக் கழுத்துப்பட்டி வைத்த ஒரு மஞ்சள் கவுன்.

"இதுல வேற என்ன இருக்கு?"

"கைப்பேசியில படம் எடுத்தா, எந்த இடத்துல நின்னு எடுத்தோம்ங்கறது படத்துக்குள்ளேயே பதிஞ்சிரும் மேடம். பெரிய கம்பெனித் தளங்கள் அதைத் துடைச்சிட்டுத்தான் போடும். நம்மளோடது இருபது வருஷத்துப் பழசு. எதைப் போட்டாலும் அப்படியே இருக்கும். யாரு வேணா படத்தை இறக்கி, அந்த எண்ணை எடுத்து வரைபடத்துல போட்டா..." அவர் போட்டுக் காட்டினார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. துவைக்கும் இடத்தின் மேலேயே. "அங்க போக வழி கேட்டா, பக்கத்துல இருக்கற தெருவைக் காட்டும்."

"பின் தெரு."

"ஆமா மேடம்."

"இது உங்களுக்குத் திங்கக்கிழமையே தெரியுமா?"

"தெரியும். எழுதியும் அனுப்பினேன்." மேசையறையைத் திறந்து ஒரு அச்சுப்பிரதியை எடுத்தார். அதில் அவர் எழுதியது மூன்று வரி. கீழே வந்த பதில் ஒரு வரி: உங்கள் வேலையை மட்டும் பாருங்கள், அசல் படத்தையே போடுங்கள்.

"எடுக்கச் சொல்லி எப்ப உத்தரவு வந்துச்சு?"

"நேத்துக் காலையில. போன்ல." நேரத்தைச் சொன்னார். ஆய்வாளர் ஒருமுறை கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

*

மாலை 4.00. செயலரின் கூட்ட அறை.

நீள மேசையின் தலைமாட்டில் துறைச் செயலர். வலப்பக்கம் இயக்குநர். கடைசி நாற்காலியின் நுனியில், அழுது வீங்கிய கண்களோடு காப்பாளர். வாசலுக்கு அருகே, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் இணையதளக்காரர் நின்றிருந்தார்.

"சுருக்கமா சொல்லுங்க இன்ஸ்பெக்டர்" என்றார் செயலர். "அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்க ஒத்துக்க எதுவும் இல்லை சார். நேத்து எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க, முகவரியைச் சொன்ன ஆள் யாருன்னு. ஆள்னே முடிவு பண்ணிட்டீங்க. அந்த வீடு தெரிஞ்ச ஆள் யாராவது சொல்லியிருந்தா, வியாழக்கிழமை பத்து மணிக்குக் கேட்டு தொறந்து கெடக்கும்னு சொல்லியிருப்பாங்க. இவன் கையைக் கிழிச்சிக்கிட்டு ஒம்பது அடி மதில் ஏறினான். ஏன்னா அந்த வீட்டுக்கு முன் வாசல் எந்தப் பக்கம்னே அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வழி சொல்றவங்க வாசலைச் சொல்லுவாங்க சார். துவைக்கற கல்லைச் சொல்ல மாட்டாங்க."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவனுக்குக் கெடைச்சது முகவரி இல்லை. ஒரு புள்ளி. வரைபடத்துல ஒரு புள்ளி. அதை யாரு குடுத்தாங்கன்னு அவனே சொன்னான், கவர்மென்டுன்னு. நாங்க திமிர்ப் பேச்சுன்னு நெனச்சோம். அவன் வாழ்க்கையில பேசுன ஒரே உண்மை அதுதான்."

ஆய்வாளர் படத்தின் அச்சுப்பிரதியை மேசையில் வைத்தார். புகாரின் பிரதியை அதன் பக்கத்தில் வைத்தார்.

"பொண்டாட்டியைத் தேடி இந்தத் துறையோட தளத்தைத் தினமும் மேஞ்சிட்டிருந்திருக்கான் அவன். தையல்காரி, ஆறு வயசுப் பொண்ணு, மூச்சிரைப்பு. பேர் எதுக்கு? பேரை மறைச்சிட்டு ஆளையே தொறந்து வெச்சிருக்கீங்க. சந்தேகம் இருந்தா, அவன் மகளோட கவுன் கொடியில தொங்குது. இந்தப் படத்தை எடுத்தவர், திங்கக்கிழமை 11.05க்குப் பேர் எழுதாம, போனைக் குடுக்காம உள்ள போன பெரியவர்." அவர் திரும்பினார். "நீங்கதான் சார்."

"நான்சென்ஸ். நான் அங்க போனதே இல்லை."

கடைசி நாற்காலியிலிருந்து காப்பாளர் எழுந்தார். பதினாறு வருடத்தில் அவர் அனுமதி கேட்காமல் பேசியது அப்போதுதான். "வந்தீங்க ஐயா. குழாயை நீங்களே கையில கொண்டாந்தீங்க. மோட்டார்தான் ரிப்பேருன்னு சொன்னேன். 'படத்துல மோட்டார் தெரியாது'ன்னு சொன்னீங்க."

செயலர் இயக்குநர் பக்கம் திரும்பினார்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சரி. போனேன். துறை பேரைக் காப்பாத்தப் போனேன். படத்துக்குள்ள இடம் பதியும்னு எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன கம்ப்யூட்டர் படிச்சவனா?"

"இவர் எழுதி அனுப்பினாரே. பதிலும் போட்டிருக்கீங்களே."

"ஆயிரம் மெயில் வருது. கவனிச்சிருக்க மாட்டேன்."

"அப்படித்தான் சொல்வீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் ஒரே ஒரு நேரத்தை மட்டும் மூணு தடவை கேட்டு வாங்கினேன்." ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார். "10.16க்குக் காப்பாளர் உங்களைக் கூப்பிட்டாங்க. முகவரி சொல்லக் கூடாதுன்னீங்க. 10.41க்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு. நடுவுல அந்தப் பொண்ணு மருந்துக்கடை வாசல்ல போர்வையில ரத்தம் சொட்டக் கெடந்தா. 10.22க்கு நீங்க இவருக்குப் போன் போட்டு, அந்தக் குழாய்ப் படத்தை உடனே எடு, அழின்னு சொல்லியிருக்கீங்க. குத்தினவன் எப்படி வந்தான்னு அப்ப யாருக்குமே தெரியாது சார். போலீசுக்குத் தெரியாது, காப்பாளருக்குத் தெரியாது. உங்களுக்கு ஆறே நிமிஷத்துல தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான், மதியம் உக்காந்து இந்தம்மாவைத் துரோகின்னு எழுதினீங்க."

இயக்குநரின் கை மேசையில் எதையோ தேடியது. அங்கே முத்திரை இல்லை. அது அவருடைய அறையில் இருந்தது.

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல வேலை இன்ஸ்பெக்டர். உங்க அறிக்கையை மூடி, அரக்கு வெச்சு எங்கிட்ட குடுத்திடுங்க. இது வெளிய போனா மக்களுக்கு இந்த இல்லங்கள்மேல இருக்கற நம்பிக்கையே போயிடும். தேசத்தோட..."

"தாராளமா சார். அறிக்கை உங்களுக்கு. அரக்கு வேணும்னா நானே வாங்கித் தர்றேன்." ஆய்வாளர் எழுந்தார். "வழக்கு எனக்கு. இன்னிக்கே பதிவு பண்றேன்."

அன்று மாலையே துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எந்த இல்லத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் குழாய்களைப் படம் எடுக்கக் கூடாது என்றது அது. மோட்டாரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

*

சனிக்கிழமை. காலை 9.30. மருத்துவமனை.

தையல்காரியின் வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. விரல்களை மடக்கும் நரம்புகள் நான்கும் அறுந்திருந்தன. இரண்டு விரல் மடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எந்த இரண்டு என்று அவள் கேட்டிருந்தாள். கத்தரிக்கோல் பிடிக்க எது வேண்டும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

மகள் கட்டில் ஓரத்தில் காப்பாளரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இல்லத்துப் பெண்களை இரவோடு இரவாக வேறு வீட்டுக்கு மாற்றியாகிவிட்டது. எந்த வீடு என்று ஆய்வாளர் கேட்கவில்லை.

"அந்தப் பெரிய ஆபீசரு ஏங்க்கா அப்படிச் செஞ்சாரு?" என்றாள் தையல்காரி. "எங்க மேல அவருக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லைம்மா. நீங்க இருக்கீங்கன்னே அவருக்கு ஞாபகம் இல்லை. குழாய் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு."

அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தாள். "நல்ல வேளை நான் மோட்டாரைப் பத்தி எழுதல. மோட்டார் பக்கத்துல நின்னு படம் எடுத்திருப்பாரு. தண்ணி மட்டும் வந்திருக்காது."

காப்பாளர் சத்தமில்லாமல் சிரித்தார். அப்புறம் அழுதார்.

ஆய்வாளர் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டினார். முதல் குற்றவாளி கணவன். இரண்டாவது குற்றவாளி இயக்குநர். கவனமின்றி உயிருக்கு ஆபத்து விளைவித்தது, ஆதாரத்தை அழிக்கச் சொன்னது, பொய்யாகப் பழி சுமத்தியது. "இதுல ஒரு பிரதியை உங்களுக்குக் குடுக்கணும்னு சட்டம். அதை நீங்க யாருக்கு வேணா காட்டலாம். அதுக்கு எந்தச் செயலரும் அரக்கு வைக்க முடியாது. வெளிய ஒரு பத்திரிகைக்காரர் ரொம்ப நேரமா நிக்கறாரு. பார்க்கறதும் பார்க்காததும் உங்க இஷ்டம்."

தையல்காரி இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. போட்டு முடித்துத் தாளைத் திரும்பப் படித்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

"இது அவரு வீட்டு முகவரியாக்கா?"

"ஆமா. குற்றவாளியோட பேர், பதவி, முகவரி எல்லாம் இருக்கணும்."

"அடிச்சிட முடியாதா?"

"முடியாதும்மா. ஏன்?"

"அவரு வீட்லயும் யாராவது குழந்தைங்க இருக்கும்." அவள் இதை இரக்கத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. அருவருப்போடு சொன்னது போலத்தான் இருந்தது. "எவனாவது கிறுக்கன் இதைப் பார்த்துட்டுக் கத்தியோட போய் நிப்பான். நாம ஏன் அவரு மாதிரி ஆகணும்?"

தாளை மார்பில் வைத்து, இடது கையாலும் முகவாயாலும் அழுத்தி, முகவரி இருந்த வரி உள்ளே போகும்படி மடித்தாள். தைக்கத் தெரிந்தவள் போட்ட மடிப்பு. நேராக விழுந்தது. மேலே இயக்குநரின் பெயரும் பதவியும் தெரிந்தன. கீழே அவர் செய்த காரியம் தெரிந்தது.

பத்திரிகைக்காரரை உள்ளே வரச் சொன்னார்கள். "என் முகம் வேணாம், என் பேர் வேணாம், பாப்பா வேணாம். காகிதம் மட்டும்" என்றாள் அவள். அவர் குனிந்து படம் எடுக்கப் போனவர் நிறுத்தினார்.

"நடுவுல ஏதோ மடிஞ்சிருக்கேம்மா. கொஞ்சம் விரிச்சுப் புடிக்கறீங்களா?"

"அது உங்களுக்குத் தேவையில்லை" என்றாள் தையல்காரி. "எடுங்க."